மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? சொல்லுங்கள், சொல்லாமல் நிறுத்தாதீர்கள்

நுரையீரல் தழும்பு நோய்க்கான மாத்திரைகள் பற்றி ஒரு விளக்கம்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் முன்பெல்லாம் டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, பிரசவச் செலவு என்றுதான் இருக்கும். சில ஆண்டுகளாக ‘ஐ.எல்.டி.’, ‘பல்மனரி ஃபைப்ரோசிஸ்’ என்று டாக்டர் எழுதிய சீட்டுகளும் வருகின்றன. கீழ்க்கட்டளையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த நோய் உள்ள குடும்பங்கள் சில இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தில் நடந்ததை அவர்களின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பெயர் தேவையில்லை.

பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் தையல் தொழில் செய்தவர். வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதுமாக இருந்து, கடைசியில் ஸ்கேனில் நுரையீரல் தழும்பு நோய் என்று தெரிந்தது. டாக்டர் நின்டெடானிப் என்ற கேப்சூலை எழுதிக்கொடுத்தார். மாதாமாதம் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அறக்கட்டளையிலிருந்து கொடுத்தோம். மாதம் தவறாமல் மருந்துக்கடை பில் வந்தது, நாங்களும் கோப்பில் வைத்துக்கொண்டோம். ஐந்து மாதம் கழித்துத்தான் அவருடைய மருமகள் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது, பிரிக்காத அட்டைகள் துணிக்கு அடியில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். மூன்றாவது வாரத்திலேயே அவர் மருந்தை நிறுத்தியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றுப்போக்கு. ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வரமுடியவில்லை. “ஊர்க்காசில் வாங்கிக் கொடுத்த மருந்து. வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவறு எங்களுடையது. பில்லைக் கேட்டோம், மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறுபடி டாக்டரிடம் அழைத்துப்போனபோது மூச்சுப் பரிசோதனையின் அளவு முன்பைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார், சாப்பிடும் நேரத்தை மாற்றினார். அதன்பின் மருந்து ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் போன மூச்சு திரும்பி வரவில்லை. சென்ற ஆண்டு அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. மருந்தை நிறுத்தியதால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லமுடியாது, அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அவர் மூன்றாவது வாரத்தில் வாய் திறந்து சொல்லியிருந்தால், அப்போதே செய்திருக்கக்கூடிய காரியங்கள் இருந்தன. அவை என்னவென்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இது என்ன நோய்?

நமது நுரையீரலில் கோடிக்கணக்கான சிறிய காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. நெருப்பு சுட்ட தோல் ஆறும்போது தடித்துத் தழும்பாவதுபோல, இந்த நோயில் அந்தச் சுவர்கள் தடித்து இறுகிவிடுகின்றன. நுரையீரல் விரியமுடியாமல் போகிறது. சளி இல்லாத இருமல், நடந்தால் மூச்சிரைப்பு, சிலருக்கு விரல் நுனி பருத்துப்போவது ஆகியவை அடையாளங்கள். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து இதைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கான மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு. நுட்பமான சி.டி. ஸ்கேன், மூச்சுப் பரிசோதனை, ஆறு நிமிட நடைப் பரிசோதனை ஆகியவற்றை வைத்து நெஞ்சக நோய் மருத்துவர்தான் இதை உறுதி செய்யவேண்டும்.

எல்லாருக்கும் ஒரே காரணம் அல்ல. இந்தியாவில் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காற்றோடு உள்ளே போகும் பொருட்களால் வரும் ஒவ்வாமையே காரணமாக இருந்தது. ஏர்கூலரில் தங்கும் பூஞ்சையும், புறா போன்ற பறவைகளின் எச்சமும் அதில் முக்கியமானவை. முடக்குவாதம் போன்ற நோய்களின் பின்விளைவாகவும் வரலாம். கல்குவாரித் தூசியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு வரும். நம் பக்கத்துத் திரிசூலம் குவாரிகளில் வேலை செய்தவர்கள் தங்கள் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லவேண்டும். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு, அதை ஐ.பி.எஃப். என்கிறார்கள். தபலா மேதை உஸ்தாத் ஜாகிர் ஹுசைன் 2024 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் தமது 73ஆம் வயதில் காலமானது இந்த ஐ.பி.எஃப். நோயின் விளைவாகத்தான்.

காரணம் தெரிந்தால் முதல் மருந்து அந்தக் காரணத்தை விலக்குவதுதான். மொட்டைமாடியில் புறாவுக்குத் தானியம் போடுவது நல்ல காரியம் என்றாலும், புறாவால் நோய் வந்தவர் வீட்டில் அதை நிறுத்தத்தான் வேண்டும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் இருமலைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது?

தழும்பு பரவுவதைத் தடுக்கும் மருந்துகளில் நம் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது இரண்டு. ஒன்று பிர்ஃபெனிடோன். இது 2008இல் ஜப்பானிலும் 2010இல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. மற்றொன்று நின்டெடானிப். 2014 அக்டோபரில் அமெரிக்க அரசு இரண்டுக்கும் ஒரே நாளில் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு ஸ்டீராய்டோடு வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். அந்தக் கூட்டு மருந்து நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வில் தெரிந்தது. ஒவ்வாமையாலும் முடக்குவாதத்தாலும் வரும் வகைகளுக்கு ஸ்டீராய்டு பலன் தரலாம். ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்து நமக்கும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர் அதைத் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது.

இந்த இரண்டு மாத்திரைகளும் ஏற்கனவே விழுந்த தழும்பை அழிப்பதில்லை. நோய் முன்னேறும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. நின்டெடானிப் பற்றி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து சாப்பிடாதவர்களின் மூச்சுக் கொள்ளளவு ஒரு வருடத்தில் சுமார் 240 மி.லி. குறைந்தது. சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 115 மி.லி. குறைந்தது. பாதி வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எஃப். அல்லாத, ஆனால் தொடர்ந்து முற்றிக்கொண்டே போகும் மற்ற வகைகளிலும் இந்த மருந்து வேகத்தைக் குறைக்கிறது என்று 2019இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

இங்கேதான் சிக்கல். காய்ச்சல் மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குவது தெரிகிறது. இந்த மாத்திரையில் அப்படி எதுவும் தெரியாது. மூன்று மாதம் சாப்பிட்டும் இருமல் அப்படியே இருக்கும், மூச்சிரைப்பும் இருக்கும். நன்மை கண்ணுக்குத் தெரியாது, தொந்தரவோ முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ‘பலனும் இல்லை, வயிறும் கெட்டுப்போகிறது’ என்று எவருக்கும் தோன்றுவது இயல்பு. பலன் இருக்கிறதா என்பதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் மூச்சுப் பரிசோதனைதான் சொல்லும். அந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வையுங்கள்.

தொடங்குவதற்கு முன்

மாத்திரை தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை என்ற இரத்தப் பரிசோதனை கட்டாயம். தொடங்கிய பிறகும் அது உண்டு. நின்டெடானிப் சாப்பிடுபவர்களுக்கு முதல் மூன்று மாதமும், பிர்ஃபெனிடோன் சாப்பிடுபவர்களுக்கு முதல் ஆறு மாதமும் மாதம் ஒருமுறை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொந்தரவு எதுவும் இல்லையே என்று இதை விட்டுவிடாதீர்கள். கல்லீரலில் ஏற்படும் மாற்றம் முதலில் இரத்தத்தில்தான் தெரியும்.

டாக்டரிடம் சொல்லவேண்டியவை: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, நாட்டு மருந்து, லேகியம், யுனானி மருந்து ஏதும் எடுக்கிறீர்களா. மறைக்கவேண்டாம். கருஞ்சீரகமும் தேனும் நாம் மதிக்கும் பொருட்கள். உணவோடு எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடவேண்டும். புகை நுரையீரலைக் கெடுப்பதோடு, பிர்ஃபெனிடோன் இரத்தத்தில் சேரும் அளவையும் குறைத்துவிடும். கர்ப்பிணிகள் நின்டெடானிப் சாப்பிடக்கூடாது. ஆகவே குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதைத் தொடங்குமுன் டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும்.

நின்டெடானிப்: வயிற்றுப்போக்கைச் சமாளிப்பது

வழக்கமான அளவு 150 மி.கி. கேப்சூல், நாளைக்கு இரண்டு. சுமார் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், உணவோடு எடுக்கவேண்டும். மேலே சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வுகளில் இதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு வந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்காக மருந்தை அடியோடு விட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மற்றவர்கள் சமாளித்துவிட்டார்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு இந்தத் தொந்தரவு முதல் மூன்று மாதங்களில்தான் வருகிறது.

நமது பெரியவர் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, ஒரு டீயும் இரண்டு பொறையும் சாப்பிட்டு மாத்திரை போட்டிருக்கிறார். அது உணவாகாது. இட்லியோ, இடியாப்பமோ, சோறோ வயிறு நிறையச் சாப்பிடும்போது எடுக்கவேண்டும். கேப்சூலை மெல்லக்கூடாது, பிரித்துக் கொட்டவும் கூடாது. தண்ணீரோடு முழுதாக விழுங்கவேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் முதல் நாளே ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும் நிறையக் குடியுங்கள். பால், எண்ணெயில் பொரித்தவை, காரம், நெய்ச்சோறு, பிரியாணி ஆகியவற்றைச் சில நாள் தள்ளிவையுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வீட்டில் வைத்திருக்கலாமா, எப்போது போடலாம் என்று தொடங்கும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சில நாள் நிறுத்திவைத்து, பிறகு 100 மி.கி. அளவில் மறுபடி தொடங்கச் சொல்வார்கள். இந்த நிறுத்தமும் தொடக்கமும் டாக்டர் சொல்லி நடக்கவேண்டும். அளவைக் குறைப்பது தோல்வி அல்ல. 100 மி.கி. கேப்சூல் தயாரிக்கப்படுவதன் ஒரு காரணமே இதுதான்.

பிர்ஃபெனிடோன்: பசியும் வெயிலும்

இதை நாளைக்கு மூன்று வேளை, உணவோடு எடுக்கவேண்டும். ஆரம்பத்திலேயே முழு அளவு கொடுப்பதில்லை. பொதுவாக முதல் வாரம் வேளைக்கு ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று என்று ஏற்றுவார்கள். உடல்நிலையைப் பொறுத்து இன்னும் மெதுவாகவும் ஏற்றலாம். நம் ஊரில் கிடைக்கும் மாத்திரைகளின் மி.கி. அளவு வேறுபடுவதால், உங்கள் சீட்டில் உள்ள எண்ணிக்கைதான் உங்களுக்குரியது.

குமட்டல், பசியின்மை, எடை குறைவது ஆகியவை இதன் தொந்தரவுகள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் நிச்சயம். பாதிச் சாப்பாட்டில் ஒன்று, முடியும்போது ஒன்று என்று பிரித்துப் போடுவது பலருக்கு உதவுகிறது. மூன்று வேளை பெரிய சாப்பாடு முடியாதவர்கள் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள்.

மற்றொன்று வெயில். இந்த மருந்து சாப்பிடுபவர்களின் தோல் வெயிலில் எளிதாகச் சிவந்து எரியும். மே மாதத்தில் பகல் பதினொரு மணிக்கு ரேடியல் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குடை, முழுக்கைச் சட்டை, தொப்பி, தோலில் தடவும் சன்ஸ்கிரீன் கிரீம் ஆகியவை தேவை. உம்ரா, ஹஜ் போகிறவர்கள் இஹ்ராமில் தலையை மூடமுடியாது என்பதால் குடையைக் கட்டாயம் எடுத்துப்போங்கள்; விமானப் பயணத்துக்கு ஆக்சிஜன் தேவைப்படுமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். வேறு ஏதாவது நோய்க்கு ஆன்டிபயாடிக் எழுதினால், பிர்ஃபெனிடோன் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகள் இதன் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும்.

தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், முழு அளவில் மறுபடி தொடங்கக்கூடாது. முதல் வாரத்திலிருந்து படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும்.

தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டிய நேரங்கள்

1. கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, வலது பக்க மேல்வயிற்றில் வலி.
2. ஓ.ஆர்.எஸ். குடித்தும் நிற்காத வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், சிறுநீர் குறைவது.
3. இரத்தம் கலந்த மலம் அல்லது கறுப்பு மலம், வாந்தியில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம்.
4. நெஞ்சுவலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது.
5. இரண்டு மூன்று நாளில் மூச்சிரைப்பு திடீரென்று கூடுவது. இது மருந்தின் தொந்தரவாக இல்லாமல் நோயே தீவிரமாவதாக இருக்கலாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோன்பு, தொழுகை, கேப்சூல் உறை

ரமலானில் இந்தக் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதை அல்பகரா அத்தியாயம் 184, 185ஆம் வசனங்களில் காணலாம். மூன்று வேளை உணவோடு எடுக்கவேண்டிய பிர்ஃபெனிடோன் நோன்போடு ஒத்துப்போகாது. நின்டெடானிப் இரண்டு வேளை என்பதால் ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வயிற்றுப்போக்கு உள்ளவர் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருப்பது ஆபத்து. முதலில் டாக்டரிடம் கேளுங்கள், அவர் சொன்னதை வைத்து ஹள்ரத்திடம் கேளுங்கள். நீடித்த நோயாளிக்கு ஃபித்யா உண்டா, களா உண்டா என்பதை ஹள்ரத் விளக்குவார். நோன்புக்காகத் தானாக ஒரு மாதம் மருந்தை நிறுத்துவதுதான் நாங்கள் அதிகம் அஞ்சுவது.

வயிற்றுப்போக்கால் உளூ நிற்காதவர்களுக்கும், மூச்சிரைப்பால் ருகூஉ, ஸஜ்தா செய்யமுடியாதவர்களுக்கும் மார்க்கத்தில் சலுகைச் சட்டங்கள் உள்ளன. பள்ளிக்கு வரமுடியவில்லை என்று மனம் உடையவேண்டாம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேப்சூலின் உறை ஜெலட்டின் ஆயிற்றே, ஹலாலா என்று சிலர் கேட்கிறார்கள். நின்டெடானிப் மென்மையான ஜெலட்டின் உறையில் வருகிறது. பிர்ஃபெனிடோன் நம் நாட்டில் மாத்திரையாகவும் கிடைக்கிறது. சந்தேகம் இருந்தால், மாற்றமுடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மாற்று இல்லாத நிலையில் அவசியமான மருந்துக்கு மார்க்கத்தில் உள்ள இடத்தை உலமாக்கள் விளக்குவார்கள். பதில் கிடைக்கும்வரை மருந்தை நிறுத்தவேண்டாம்.

செலவு

இவை பல ஆண்டுகள் சாப்பிடவேண்டிய மருந்துகள். இந்தியக் கம்பெனிகள் பல தயாரிப்பதால் ஒரே மருந்து வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலையில் கிடைக்கிறது. விலை குறைந்த கம்பெனிக்கு மாறலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகிய இடங்களிலும் விசாரியுங்கள். நமக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியதுதான் இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. நுரையீரல் நோய்க்கென்றே உள்ள அரசு ஆஸ்பத்திரி இவ்வளவு அருகில் இருப்பது நமக்கு ஒரு வசதி.

காசு பற்றாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுவதும், அட்டையை நீட்டிப்பதற்காக ஒரு வேளை குறைப்பதும் நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள், எங்களிடம் வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

அத்தாவோ அம்மாவோ மாத்திரை போட்டார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். “வயிறு எப்படி இருக்கிறது? இன்று எத்தனை தடவை போனீர்கள்? சோறு இறங்குகிறதா?” என்று கேளுங்கள். பெரியவர்கள் மகனிடம் சொல்ல வெட்கப்படுவதை மருமகளிடமோ பேரப்பிள்ளையிடமோ சொல்லிவிடுவதும் உண்டு. ஒரு பழைய டைரியில் மருந்து போட்ட நேரம், சாப்பிட்டது, தொந்தரவு, எடை ஆகியவற்றைக் குறித்து அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் மூச்சுப் பயிற்சியையும் பற்றி அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை தரப்பிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இந்த மருந்துக்கு உதவி பெறும் ஒவ்வொரு வீட்டுக்கும் தொடங்கிய முதல் வாரத்திலும், மூன்றாவது வாரத்திலும், பிறகு மாதம் ஒருமுறையும் நமது மருத்துவக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்வார். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள். “ஒத்துக்கொள்ளவில்லை” என்று நீங்கள் சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள், உதவியும் நிற்காது. உங்கள் டாக்டரிடம் நேரம் வாங்கித்தருவதற்கும், வேண்டுமானால் உடன் வருவதற்கும் ஆள் இருக்கிறார்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்களும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், மிச்சமிருக்கும் அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு நற்கூலியையும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்